பந்து இல்லாத இடத்தில்

கூடைப்பந்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவதில் உள்ள பொருத்தமின்மை எனக்குத் தெரியாததல்ல. வளையத்துக்குள் ஒரு பந்தைக்கூட நான் போட்டதில்லை. ஒரே ஒருமுறை, ஆண்டுவிழாவில் ஆசிரியர்களுக்கென்று நடத்திய வேடிக்கைப் போட்டியில் எறிந்து பார்த்தேன். பந்து பலகையைத் தாண்டி முள்வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஆனாலும் 2014 தொடங்கி ஐந்து கோடைகள், ஆவடி பூந்தமல்லி சாலையை ஒட்டிய எங்கள் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். ஆட்டம் தெரியாதவர் ஒருவராவது குழுவில் இருந்தால்தான் நடுநிலை இருக்கும் என்பது அன்றைய முதல்வரின் எண்ணம். (இந்தத் தர்க்கத்தின்படி தமிழ்த்துறை நேர்காணலுக்குத் தமிழ் தெரியாதவர் ஒருவரை அழைக்க வேண்டும். அப்படியும் சில ஆண்டுகள் நடந்ததாக நினைவு. அது வேறு கதை.)

மே மாதத்து மாலைகளில், சிமெண்ட் தளத்தின் சூடு சற்றே இறங்கும் நேரத்தில் தேர்வு நடக்கும். திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருநின்றவூர், அம்பத்தூர் எஸ்டேட் என்று பல பக்கங்களிலிருந்தும் பையன்கள் வருவார்கள். நான்கோ ஐந்தோ இடங்களுக்கு முப்பது நாற்பது பேர். அதிலும் ஃபார்வர்டுகளைத் தேர்ந்தெடுப்பதுதான் தலைவலி என்று எங்கள் உடற்கல்வி இயக்குநர் முதல் நாளே சொல்லிவிட்டார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர் அவர். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய அக்கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது, நாங்கள் உ.வே.சா. பெயரைச் சொல்லும்போது வருகிற அதே குரல் அவருக்கு வரும்.

கார்டு ஆடுகிறவனை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம், பந்து அவன் கையில் இருக்கும். சென்டர் ஆடுகிறவனைக் கண்டுபிடிக்க ஆட்டமே வேண்டாம், வாசலில் குனிந்து நுழைகிறவன் அவன். இவ்விருவருக்கும் நடுவே, மற்றவர்கள் எதையெல்லாம் செய்யவில்லையோ அதையெல்லாம் செய்ய வேண்டியவன் ஃபார்வர்டு. நாற்பது நிமிட ஆட்டத்தில் அவன் கையில் பந்து இருக்கும் நேரம் மிகச் சொற்பம். மீதி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதே அவனுடைய ஆட்டம்.

"பந்தைப் பாக்குறத விடுங்க சார். பந்து இல்லாத இடத்தைப் பாருங்க" என்பார் இயக்குநர்.

சொல்வது எளிது. கண் பந்தின் பின்னால்தான் ஓடும். அதைப் பிடித்து நிறுத்த எனக்கு முழுதாக ஒரு கோடை தேவைப்பட்டது. அடுத்த கோடையில் சில விஷயங்கள் புலப்படத் தொடங்கின. யாரோ ஒருவன் கூடையை நோக்கிப் பந்தை எறிகிறான். அந்தக் கணத்தில் பெரும்பாலான பையன்கள் அண்ணாந்து பந்தைப் பார்ப்பார்கள். ஓரிருவர் மட்டும் பந்தைப் பார்க்காமல் எதிரணிக்காரன் எங்கே நிற்கிறான் என்று தேடி, அவன் மார்பில் தம் முதுகைச் சாய்த்து, இடுப்பைத் தாழ்த்தி, காலை அகட்டி நின்றுவிடுவார்கள். 'பாக்ஸ் அவுட்' என்பது இதற்குப் பெயர். அப்படி நிற்கிறவனுக்கே பந்து கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பல நேரம் அவன் ஆளை மறித்துக்கொண்டு நிற்க, அவனுடைய அணிக்காரன் வேறொருவன் பந்தை எடுத்துப் போவான். கணக்கேட்டில் ரீபவுண்ட் எடுத்தவன் பெயர் ஏறும். மறித்தவனுக்கு அங்கே கட்டம் கிடையாது.

இன்னும் சில. ஒருமுறை குதித்துப் பந்து கிடைக்காதபோது இரண்டாம் முறை எவ்வளவு சீக்கிரம் குதிக்கிறான்? முதல் குதிப்பு எல்லோருக்கும் வரும், இரண்டாவதுதான் ஆளைக் காட்டும். எறிந்த பந்து தவறிப்போனால் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா, உடனே திரும்பித் தன் பக்கத்துக்கு ஓடுகிறானா? தடுப்பாட்டத்தில் வாய் பேசுகிறதா? பின்னால் ஆள் வருகிறான் என்று நண்பனுக்குக் குரல் கொடுப்பது ஃபார்வர்டின் வேலை, ஏனென்றால் அவன் நிற்கும் இடத்திலிருந்துதான் அது தெரியும். வெட்கப்படுகிற பையன்கள் இதில் தோற்றுப்போவார்கள். கிராமத்திலிருந்து புதிதாக வந்தவர்கள் குரலெழுப்ப ஆறு மாதம் ஆகும் என்பார் இயக்குநர். அந்த ஆறு மாதத்தை மதிப்பெண்ணிலிருந்து கழிப்பதா கூட்டுவதா என்பதில் எனக்கும் அவருக்கும் ஒவ்வோர் ஆண்டும் வழக்கு.

இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, தேர்வுத் தாளில் இவற்றுக்கு இடமில்லை. தாளில் உயரம் உண்டு. எடை, நின்ற நிலையில் எட்டும் உயரம், ஓடிக் குதித்து எட்டும் உயரம் ஆகியவை உண்டு. கையில் சாக்கட்டியைக் கொடுத்துச் சுவரில் கோடு போடச் சொல்வோம். 2015 மே மாதம் ஒரு பையன் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரின் மகன். உயரம் ஆறடி ஓரங்குலம். ஆனால் அவன் போட்ட சாக்குக்கோடு, ஆறடி நான்கங்குலப் பையனின் கோட்டுக்குச் சமமாக இருந்தது. "கழுத்து குட்டை, தோள் உயரம், கை நீளம். தலையால யாராச்சும் பந்து பிடிக்கிறாங்களா சார்?" என்றார் இயக்குநர். நான் உயரத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கோடை அனுபவத்தில் எனக்கு அபிப்பிராயங்கள் வந்துவிட்டிருந்தன. பையன் நல்லவன்தான், ஆனால் உள்ளே நின்று ஆட உயரம் போதாது, வெளியே நின்று எறியக் குறி போதாது என்று என் தாளில் எழுதினேன். இயக்குநர் விடவில்லை. கடைசியில் அவனுக்கு இடம் கிடைத்தது, தமிழ் இலக்கியத்தில். விளையாட்டு ஒதுக்கீட்டுப் பையன்கள் தமிழுக்கு ஏன் வருகிறார்கள் என்று இத்துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வணிகவியலில் இடம் இருக்காது.

அவன் சேர்ந்த ஜூன் மாதத்தில்தான் சத்னாம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் அணி எடுத்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு சுற்றுகளில், முப்பது அணிகளுக்கு ஆட்களைப் பங்கிடும் தேர்வை 'டிராஃப்ட்' என்பார்கள். பெரும்பாலும் அங்குள்ள கல்லூரி மாணவர்களே அதில் எடுக்கப்படுவார்கள். 2015இல் ஐம்பத்திரண்டாவதாக எடுக்கப்பட்ட சத்னாம், பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தில் பிறந்து, ஃப்ளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாதெமியில் பயின்றவர். உயரம் ஏழடி இரண்டங்குலம். இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் மனிதர். எங்கள் விடுதிச் சுவர்களில் அவர் படம் ஏறியது. அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட ஆடவில்லை என்பதும், பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார் என்பதும் பின்கதை. ஏழடி இரண்டங்குலத்தை யாராலும் மறுக்க முடியாது. அதைத் தேர்ந்தெடுத்தவரை யாரும் குறைசொல்லவும் முடியாது. அளவு என்பதன் வசதியே அதுதான்.

அந்த நாட்களில் இயக்குநரின் அறைக்குப் போனால் இந்தப் பேச்சுதான். கோடிக்கணக்கில் செலவழித்து, ஆண்டு முழுவதும் ஆட்களை அனுப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அமெரிக்கர்களே ஃபார்வர்டுகளிடம் தோற்கிறார்கள் என்று அவர் பட்டியல் போடுவார். 2007இல் கெவின் டூரண்ட் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு வந்தார். டிராஃப்டுக்கு முந்தைய உடற்திறன் சோதனையில், மல்லாந்து படுத்துத் தூக்க வேண்டிய 185 பவுண்டு எடையை அவரால் ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. உலகமே சிரித்தது. இருந்தும் இரண்டாவதாக எடுக்கப்பட்டார், இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஃபார்வர்டுகளில் ஒருவரானார். 2013இல் முதல் ஆளாகக் கிளீவ்லாண்ட் எடுத்த ஆண்டனி பென்னட்டும் ஓராண்டுக் கல்லூரி ஆட்டத்தோடு வந்த ஃபார்வர்டுதான். நான்கு பருவங்களில் நான்கு அணிகள் மாறி, என்.பி.ஏ.விலிருந்தே காணாமற்போனார். இடையில் 2012இல் டிரேமண்ட் கிரீன். மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு ஆண்டும் முழுதாக ஆடியவர். பவர் ஃபார்வர்டுக்கு உயரம் போதாது, ஸ்மால் ஃபார்வர்டுக்கு வேகம் போதாது என்று இரண்டாம் சுற்றுக்குத் தள்ளி, முப்பத்தைந்தாவதாக எடுத்தார்கள். கோல்டன் ஸ்டேட் அணிக்காக நான்கு பட்டங்கள் வென்றவர் அவர். 2017இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். நான் 2015இல் என் தாளில் எழுதிய வாக்கியத்துக்கும் இந்த மனிதரைப் பற்றி அவர்கள் எழுதியதற்கும் பெரிய வேறுபாடில்லை என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது. இதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. தவறு செய்யும் செலவு அவர்களுக்கும் எனக்கும் ஒன்றல்ல. தவறு யார் தலையில் விழுகிறது என்பதும் ஒன்றல்ல.

நிற்க. நம் ஊரில் டிராஃப்ட் என்று ஒன்று உண்டா? தொழில்முறைக் கூடைப்பந்து வராமலில்லை. 2015 முதல் 2017 வரை யு.பி.ஏ. என்ற லீக் நடந்தது, சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. பிறகு ஐ.என்.பி.எல். வந்தபோது சென்னை ஹீட் வந்தது. ஆனால் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு தாயிடம் போய் உங்கள் மகன் லீக்கில் ஆடப்போகிறான் என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை மாதத்துக்கு என்று கேட்பார். பீரங்கித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் மின்ரயில் பணிமனையும் சூழ்ந்த ஊர் இது. இங்கே வேலை என்பது மாதச் சம்பளமும் அடையாள அட்டையும். ஆகவே நம் பையன்களின் டிராஃப்ட் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனம்தான். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமானவரித் துறை, சுங்கத் துறை, காவல்துறை: இவையே நம் அணிகள். கீது அன்னா ஜோஸ் நம் நாடு கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். சங்ஙனாச்சேரியில் கல்லூரி முடித்துத் தெற்கு ரயில்வேக்கு வந்தவர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்தன. இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ரயில்வேக்கு ஆடினார். வேலை இருந்தது, அதனால் போய்ப் பார்க்கவும் முடிந்தது, திரும்பி வரவும் முடிந்தது.

இந்த டிராஃப்டுக்கு விதிகள் உண்டு. மத்திய அரசுப் பணிகளில் முன்னுரிமை வரிசை தெளிவானது: நாட்டுக்காக ஆடியவர், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர், பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவர், பிறகு பள்ளி அளவில் மாநிலத்துக்கு ஆடியவர். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட படிவம் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு உரியது மூன்றாம் படிவம். ரயில்வேயின் அறிவிக்கைகளைப் பார்த்தால் நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் சான்றிதழ்களுக்கு. களத்தில் காட்டும் திறன், உடல்தகுதி, பயிற்சியாளரின் கணிப்பு எல்லாம் சேர்த்து நாற்பது. படிப்புக்குப் பத்து. களத்து நாற்பதில் இருபத்தைந்து வாங்கினால்தான் மேலே போக முடியும். விதியை நான் குறைசொல்லவில்லை. நாற்பதைக் கூட்டினால் சிபாரிசு கூடும் என்று அஞ்சியே ஐம்பதைக் காகிதத்துக்குக் கொடுத்திருப்பார்கள். காகிதம் பொய் சொல்லாது என்பது அவர்கள் நம்பிக்கை. பொய் சொல்லாதுதான். ஆனால் அது சொல்லாமல் விடுவது நிறைய.

அந்தப் பையன் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். பெஞ்சுக்குள் கால் அடங்காமல் பக்கவாட்டில் நீட்டியிருப்பான். இரண்டாமாண்டில் அவர்களுக்குத் திருக்குறள் எடுத்தேன். 'தெரிந்து தெளிதல்' அதிகாரம். அரசன் ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்காலும் சோதிக்க வேண்டும் என்பதையும், பரிமேலழகர் அந்த நான்கு உபதைகளையும் ஆளனுப்பி நாடகம்போல் நடத்திக் காட்டுவதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்தான்.

"ஐயா, இவ்வளவு சோதனைக்கு அரசர் எத்தன நாள் எடுத்துக்குவாரு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். உரையாசிரியர் நாட்கணக்குச் சொல்லவில்லை என்று ஏதோ பதில் சொன்னேன். நல்ல கேள்வி என்று தோன்றியது உண்மை. அதை வகுப்பறைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

2016 செப்டம்பரில் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு முகாமுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து மூவரை அழைத்தார்கள், அவனும் ஒருவன். ஓ.டி. படிவத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். வகுப்பாசிரியன் நான். அந்த வாரம் அகமதிப்பீட்டுத் தேர்வு. அவனுக்கு ஏற்கெனவே வருகைப்பதிவு குறைவு. இவை உண்மையான காரணங்கள்தாம், எந்த விசாரணையிலும் நிற்கும். ஆனால் அவனிடம் நான் சொன்னது வேறு.

"ஆறடி ஒண்ணுக்கு யுனிவர்சிட்டி டீம்ல என்னப்பா எடம் தரப்போறாங்க? இங்க உக்காந்து பரிட்சைய எழுது. டிகிரியாவது மிஞ்சும்."

குழுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட அரைகுறை ஞானம் அந்த வாக்கியத்தில் முழுதாக இருந்தது. அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்கய்யா" என்று படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். மற்ற இருவரில் ஒருவன், இவனைவிட உயரமானவன், அணியில் இடம்பிடித்து மூன்றாம் படிவத்தோடு திரும்பினான். அடுத்த ஆண்டு என் கையெழுத்தோடு இவன் முகாமுக்குப் போனான். கடைசிப் பதினாறு பேர் வரை வந்தான், பன்னிருவரில் இல்லை. முந்தைய ஆண்டு போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று இயக்குநரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பந்துகளைக் கயிற்று வலைக்குள் போட்டுக் கட்டினார்.

2018 கோடையில், படிப்பு முடிந்த கையோடு, நகருக்குள் ஓர் அரசு நிறுவனத்தின் தேர்வுக்கு அவனை அழைத்திருந்தார்கள். பள்ளிக் காலத்தில் மாநில அளவில் ஆடிய ஒரு சான்றிதழின் பலத்தில் வந்த அழைப்பு. அவனுடைய தந்தைக்கு ஷிஃப்ட் என்பதால் நான் உடன் போனேன். ஆவடியில் காலை ஆறு மணி மின்ரயில். வில்லிவாக்கம் வரை இருவரும் பேசவில்லை. அவன் மடியில் பை. பைக்குள் அவன் அம்மா வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழம் இருந்தது பிறகு தெரிந்தது.

அன்றுதான் நான் அவன் ஆட்டத்தை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு கல்லூரி மைதானத்தில் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. பத்து பேரைப் பிரித்து ஆடவிட்டார்கள், ஆளுக்கு இருபது நிமிடம் போலக் கிடைத்திருக்கும். அவன் நான்கு புள்ளிகள்தான் எடுத்தான். ஆனால் அவன் நின்ற பக்கத்தில் எதிரணியின் ஆறடி ஐந்து ஆளுக்கு ஒரு ரீபவுண்ட்கூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இவன் முதுகு அங்கே இருந்தது. முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஆடினான். ஐந்தாவது நிமிடத்துக்குள் அவர்கள் எல்லோரும் இவன் குரலைக் கேட்டு நகரத் தொடங்கியிருந்தார்கள். தவறிப்போன தன் எறிதலுக்குப் பிறகு ஒருமுறைகூட அவன் நின்று வருந்தவில்லை. தாள்களோடு உட்கார்ந்திருந்த மூவரில் வயதானவர் ஒருவர் மட்டும் பந்தைப் பார்க்காமல் இவனைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து இயக்குநர் யார் மூலமாகவோ விசாரித்தார். "கிரவுண்டு மார்க்ல மூணாவதா இருந்திருக்கான் சார். பேப்பர்ல ஒண்ணும் இல்ல" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை. அந்த ஆண்டோடு நான் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். முதல்வர் காரணம் கேட்டபோது முனைவர் பட்ட வழிகாட்டல் பணிகள் அதிகம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். ஆசிரியர்களுக்கு அந்தச் சொல் எளிதில் வருவதில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை, ஒரே ஒருமுறை தவிர. சில ஆண்டுகளுக்குப் பிறகு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு தேநீர்க்கடையில் பார்த்தபோது, ஏதோ பேச்சில், "அந்தத் தடவ இன்டர்னல்ல இருபத்தஞ்சுக்கு இருபத்தொண்ணு போட்டீங்க ஐயா" என்றான். குத்தலாகச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. டம்ளரைக் கழுவும் வாளியில் அவனே இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

இப்போது எஸ்டேட்டில் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். அளவுகருவிதான் அவன் பிழைப்பு என்று சிரிப்பான். மாலையில் வீட்டுக்கருகே ஒரு பூங்காவை ஒட்டிய தளத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறான். காசு வாங்குவதில்லை. வாங்கினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னான். வட்டாரப் போட்டிக்கு அணி எடுக்க வேண்டும், பதினெட்டுப் பேர் வருகிறார்கள், பன்னிரண்டு பேர்தான் போக முடியும், நீங்களும் உட்காருங்கள் என்றான். எனக்கு எதற்கப்பா இதெல்லாம் என்றேன். "சும்மா வாங்கய்யா" என்றான்.

போனேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தான். பிள்ளைகள் ஆடினார்கள். ஒல்லியாக, வயதுக்கு மீறி வளர்ந்த ஒரு பையன் அடுத்தடுத்து மூன்று கூடைகள் போட்டான். என் கண் அவனிடமே நின்றது. அவன் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"யாரப் பாக்குறீங்க ஐயா?"

"அந்த உயரமான பையன். கை நல்ல நீளம்."

"அவன் சரிதான்" என்று மறுமுனையைக் காட்டினான். "அங்க, வேலியோரம், நீலச் சட்ட. பந்து இந்தப் பக்கம் இருக்குறப்ப அவன் கால் என்ன பண்ணுதுன்னு பாருங்க."

பார்த்தேன். பையன் சிறியவன், என் தோளுக்குக்கூட வரமாட்டான். பந்து அவனிடமிருந்து இருபது முப்பதடி தொலைவில் இருந்தது. அவன் கால்கள் ஒரு நொடி நிற்காமல், எதிரணிக்காரனுக்கும் கூடைக்கும் நடுவே வரும்படி அரையடி அரையடியாக நகர்ந்துகொண்டே இருந்தன.

"இவன் பேரு லிஸ்ட்ல இருக்கா?" என்று கேட்டேன்.

பேனாவை என்னிடம் நீட்டினான்.